மொழியறியாமையா, கற்றல் குறைபாடா? பேரணாம்பட்டுப் பகுதியின் பன்மொழிச் சூழலில் வாசிப்புக் குறைபாட்டை இனங்காணுதல்

ஆய்வுச் சுருக்கம்

குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தால் இந்தியாவில் சட்ட ஏற்புப் பெற்றது. அக்குறைபாட்டை இனங்காணும் நடைமுறை, குழந்தை தன் வீட்டு மொழியிலேயே பள்ளிக் கல்வியும் பெறுகிறது என்னும் எண்ணத்தின்மீது அமைந்துள்ளது. வேலூர் மாவட்டத்தின் தோல் தொழில் நகரங்களுள் ஒன்றான பேரணாம்பட்டில் உருதும் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. இத்தகைய சூழலில் வாசிக்கத் தடுமாறும் குழந்தைக்கு மொழிப் பழக்கம் போதவில்லையா, வாசிப்புக் குறைபாடு உள்ளதா என்பதைப் பிரித்தறிவது கடினம். இப்பிரித்தறிதலில் நேரும் இருவகைத் தவறுகளையும், அவற்றுக்கு எழுத்துமுறை சார்ந்த காரணங்களையும், அவற்றைக் குறைப்பதற்கு ஆசிரியர் பின்பற்றத்தக்க வழிமுறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, வாசிப்புக் குறைபாடு, பன்மொழிச் சூழல், எழுத்துமுறை, உருது, பேரணாம்பட்டு, சிறப்புக் கல்வி.

முன்னுரை

மூன்றாம் வகுப்பில் பயிலும் ஒரு குழந்தையைக் கருதுவோம். வீட்டில் உருது பேசுகிறது. தெருவில் தமிழ் கேட்கிறது. மாலையில் மக்தபில் அரபு எழுத்துகளைக் கூட்டி வாசிக்கிறது. பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் எழுதுகிறது. தமிழ்ப் பாடநூலின் ஒரு வரியை வாசிக்க அதற்கு நெடுநேரம் ஆகிறது. ஆசிரியர் இதற்கு இரண்டு விளக்கங்களுள் ஒன்றைச் சொல்லக்கூடும். ‘வீட்டில் தமிழ் இல்லை, அதனால் வரவில்லை’ என்பது ஒன்று. ‘இப்பிள்ளைக்குப் படிப்பே ஏறாது’ என்பது மற்றொன்று. முதல் விளக்கம் குழந்தையைக் காத்திருக்க வைக்கிறது. இரண்டாம் விளக்கம் அதனைக் கைவிடுகிறது. இரண்டுமே சோதித்துப் பார்த்துச் சொன்னவை அல்ல.

தோல் தொழிலை நம்பி வாழும் பகுதியில் இதன் விளைவு சிறிதன்று. வாசிக்க இயலாமல் உயர்நிலை வகுப்புகளில் பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளைக்குத் தோல் பதனிடும் தொழிற்சாலையும் காலணித் தொழிற்கூடமும் அருகிலேயே உள்ளன. பள்ளி எட்டு வயதில் தவறவிட்ட ஒரு கண்டறிதல், அப்பிள்ளையின் பதினைந்தாம் வயதில் வாழ்க்கைப் பாதையாகவே மாறிவிடக்கூடும். ஆகவே இப்பகுதியில் மொழியறியாமையையும் கற்றல் குறைபாட்டையும் எவ்வாறு பிரித்தறிவது என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

1. கற்றல் குறைபாடு: கருத்தும் சட்டமும்

நல்ல அறிவுத்திறனும் நல்ல பார்வையும் உடைய சிறுவன் ஒருவனால் வாசிக்கக் கற்க இயலவில்லை என்பதை 1896இல் இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் பிரிங்கிள் மார்கன் பதிவு செய்தார். 1963இல் அமெரிக்கக் கல்வியாளர் சாமுவேல் கிர்க் ‘கற்றல் குறைபாடு’ என்னும் தொடரைப் பரவலாக்கினார். வாசிப்பில் தோன்றும் குறைபாடு டிஸ்லெக்சியா எனவும், எழுதுவதில் தோன்றுவது டிஸ்கிராஃபியா எனவும், கணக்கில் தோன்றுவது டிஸ்கால்குலியா எனவும் வழங்கப்படுகின்றன. இவை அறிவுத்திறன் குறைவால் வருவன அல்ல. கண் அல்லது செவிப் புலனின் குறையாலும் வருவன அல்ல. மொழியின் ஒலிகளைக் கூறுபடுத்தி எழுத்தோடு இணைக்கும் செயல்பாட்டில் உள்ள தடையே வாசிப்புக் குறைபாட்டுக்கு முதன்மைக் காரணம் என்பது ஆய்வாளர் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்தாகும்.

இந்தியாவில் 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு குறைபாடுகளையே பட்டியலிட்டிருந்தது. கற்றல் குறைபாடு அவற்றுள் இல்லை. அதற்கிடையில் மகாராட்டிர மாநிலம் 1996இல் இத்தகைய மாணவர்க்குத் தேர்வுச் சலுகைகளை வழங்கியது. சென்னையில் 1990களின் தொடக்கத்தில் பெற்றோரும் ஆர்வலரும் இணைந்து மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கத்தை நிறுவினர். நாடு முழுமைக்குமான சட்ட ஏற்பு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் வழியாகவே கிடைத்தது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அவற்றுள் ஒன்று. அதனை இயன்ற அளவு விரைவில் கண்டறிந்து தக்க கற்பித்தல் நடவடிக்கை எடுப்பதைக் கல்வி நிறுவனங்களின் கடமையாகச் சட்டத்தின் 16ஆம் பிரிவு வகுக்கிறது. கண்டறியும் பொறுப்பு மருத்துவமனை வாயிலில் அன்று, வகுப்பறையிலேயே தொடங்குகிறது என்பதை இப்பிரிவு உணர்த்துகிறது.

நடைமுறைக்கான வழிகாட்டுதல்களை ஒன்றிய அரசு 2018 சனவரியில் வெளியிட்டது. மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயது என்னும் நிலையில் ஆசிரியர் முதற்கட்டச் சோதனை செய்ய வேண்டும். அதன்பின் குழந்தை மருத்துவர் பார்வை, செவிப்புலன், பொது உடல்நிலை ஆகியவற்றை ஆராய வேண்டும். பிறகு உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனை நடத்துவார். நுண்ணறிவு ஈவு 85க்கு மேல் இருப்பின் கற்றல் குறைபாட்டுக்கான சோதனைத் தொகுதி பயன்படுத்தப்படும். எட்டு வயது நிறைந்த பின்னரே சான்றிதழ் வழங்கப்படும். 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு உண்டு. 18 வயதில் பெறும் சான்றிதழ் வாழ்நாள் முழுமைக்கும் செல்லும். இவ்வழிகாட்டுதல்கள் 2024இல் திருத்தி வெளியிடப்பட்டன.

தமிழ்நாட்டின் பொதுத் தேர்வுகளில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு முதலிய சலுகைகளைப் பெறுவதற்குச் சான்றிதழ் அடிப்படையாகிறது. எனவே உரிய காலத்தில் நிகழும் கண்டறிதல், மாணவரின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு நேரடித் தொடர்புடையது.

2. பேரணாம்பட்டின் மொழிச்சூழல்

பேரணாம்பட்டு ஆந்திர எல்லையை அடுத்து, மலையடிவாரத்தில் அமைந்த நகரம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, மேல்விசாரம் ஆகிய ஊர்களோடு சேர்ந்து பாலாற்றுப் படுகையின் தோல் தொழில் வட்டத்தில் அடங்குகிறது. 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திற்குச் சென்றன. பேரணாம்பட்டு வேலூர் மாவட்டத்திலேயே நின்றது. தொழிலாலும் உறவாலும் ஆம்பூரோடு நெருங்கிய ஊர், நிருவாகத்தால் ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள வேலூரை நோக்கியிருக்கிறது. மதிப்பீட்டுக்காகக் குழந்தையை மாவட்டத் தலைநகருக்கு அழைத்துச் செல்லும் தினக்கூலிப் பெற்றோர் அன்றைய கூலியை இழக்கின்றனர். மறுமுறை வரச் சொன்னால் மற்றொரு நாள் கூலியும் போகும்.

இவ்வட்டத்தில் தோல் வணிகத்தையும் தோல் பதனிடலையும் வளர்த்ததில் முஸ்லிம் வணிகக் குடும்பங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களிடையே உருது வீட்டு மொழியாகவும் கல்வி மொழியாகவும் நிலைபெற்றது. 1919இல் தொடங்கப்பட்ட வாணியம்பாடி இசுலாமியா கல்லூரி இப்பகுதியின் கல்வி மரபுக்கு ஒரு சான்று. இங்குப் பேசப்படும் உருது, நூல்வழக்கு உருதிலிருந்து வேறுபட்ட தக்கனி வழக்கு. எல்லையோர ஊர்களில் தெலுங்கு வீட்டு மொழியாக உள்ளது. தொழிலாளர் குடும்பங்களுள் பல தமிழ் பேசுவன. ஒரே தெருவில் மூன்று மொழிகள் கேட்பது இங்கு இயல்பு.

பள்ளி நிலையில் 2006ஆம் ஆண்டின் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் முதன்மையானது. 2006-07ஆம் கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுதோறும் அடுத்த வகுப்புக்கு விரிந்து, பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது இச்சட்டம். மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் இது தொடர்பாக நீதிமன்றங்களை நாடின. சிறுபான்மை மாணவர்க்குக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விலக்கும் கிடைத்தது. அவ்வழக்குகளின் நிறைகுறைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இங்கு வேண்டிய செய்தி ஒன்றே. உருது பேசும் குழந்தை குறைந்தது மூன்று எழுத்துமுறைகளை ஏறத்தாழ ஒரே காலத்தில் கற்கிறது. அவற்றுள் இரண்டு அதன் வீட்டு மொழிக்கு உரியவை அல்ல.

3. எழுத்துமுறைகளும் வாசிப்பின் சுமையும்

எல்லா எழுத்துமுறைகளும் வாசிப்பவரிடம் ஒரே வகை உழைப்பைக் கேட்பதில்லை. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு நேரானதாக இருந்தால் குழந்தை விரைவில் வாசிக்கக் கற்கிறது. அவ்வகை மொழிகளில் வாசிப்புக் குறைபாடு பிழைகளாக வெளிப்படுவதைவிட மெதுவான வாசிப்பாகவே மிகுதியும் வெளிப்படுகிறது. செருமன் மொழிக் குழந்தைகளை ஆராய்ந்த ஹைன்ஸ் விம்மர் 1993இல் இதனை எடுத்துக்காட்டினார். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு சிக்கலானது. அங்குக் குறைபாடு பிழையாகவே கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்ட சோதனை, பிழைகளை எண்ணும். தமிழில் பிழையின்றி, ஆனால் மிக மெதுவாக வாசிக்கும் குழந்தையை அச்சோதனை தவறவிடக்கூடும்.

தமிழ் எழுத்துமுறையில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் உள்ளன. உயிர்மெய்கள் பெரும்பாலும் ஒழுங்கான முறையில் அமைந்தாலும் குழந்தைக்குச் சில இடர்கள் உண்டு. ‘கெ’ என்பதில் உயிர்க்குறி மெய்க்கு முன் நிற்கிறது, ஆனால் ஒலிப்பில் பின்னர் வருகிறது. ‘கொ’ என்பதில் உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் நிற்கிறது. கண் காணும் வரிசையும் வாய் ஒலிக்கும் வரிசையும் இங்கு வேறுபடுகின்றன. ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் ஒரே எழுத்து, ஆனால் ஒலிப்பு வெவ்வேறு. பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் உள்ள இடைவெளி இவற்றோடு சேர்கிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தையும் ‘வந்துட்டாங்க’ என்று பேசி ‘வந்துவிட்டார்கள்’ என்று வாசிக்க வேண்டியுள்ளது.

இத்தகைய எழுத்துமுறைகளை முழுமையாகக் கைக்கொள்ளக் குழந்தைக்குப் பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன. கன்னடத்தில் தொடக்க வாசிப்பை ஆராய்ந்த சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கட்டுரை, எழுத்துத் தொகுதி முழுவதையும் கற்பது தொடக்கப் பள்ளியின் பிற்பகுதி வரை நீள்வதைக் காட்டியது. தமிழ், உயிர்மெய் அமைப்பில் கன்னடத்தோடு ஒத்தது. எனவே ஆங்கிலக் குழந்தையின் கால அட்டவணையைத் தமிழ்க் குழந்தைக்குப் பொருத்துவது முறையாகாது.

உருது வலமிருந்து இடமாக எழுதப்படுவது. சொல்லில் நிற்கும் இடத்திற்கேற்ப எழுத்தின் வடிவம் மாறுகிறது. புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமும் எழுத்துகளை வேறுபடுத்துகின்றன. குற்றுயிர்கள் வழக்கமாக எழுதப்படுவதில்லை, வாசிப்பவர் சொல்லை அறிந்திருந்தே அவற்றை நிரப்பிக்கொள்கிறார். ஆனால் மக்தபில் குழந்தை வாசிக்கும் அரபுப் பாடம் உயிர்க்குறிகள் முழுமையாக இடப்பட்டது. ஆகவே எழுத்துகளுள் பல பொதுவாக இருப்பினும் வாசிப்பின் தன்மை இரண்டிலும் ஒன்றன்று.

4. இருவகைத் தவறுகள்

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு நோயறி கையேடு, கற்றல் குறைபாட்டை உறுதி செய்யுமுன் வேறு காரணங்களை விலக்க வேண்டும் என்கிறது. பயிற்றுமொழியில் போதிய தேர்ச்சி இன்மையும் அவ்வாறு விலக்க வேண்டிய காரணங்களுள் ஒன்று. உரிய உதவி அளித்த பின்னும் இடர்ப்பாடு ஆறு மாதமேனும் தொடர வேண்டும் என்றும் அக்கையேடு கூறுகிறது. இந்நிபந்தனை நியாயமானதே. ஆனால் பன்மொழிச் சூழலில் அதனை இயந்திரம்போலப் பின்பற்றினால் இருவகைத் தவறுகள் நேர்கின்றன.

முதல் தவறு, குறைபாடு இல்லாத குழந்தைக்குக் குறைபாட்டு முத்திரை இடுவது. இதற்கு அமெரிக்க வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. 1970இல் கலிபோர்னியாவில் டயானா வழக்கு எனப்படும் வழக்கு, ஸ்பானிய மொழி பேசும் ஒன்பது குழந்தைகளுக்காகத் தொடுக்கப்பட்டது. ஆங்கிலத்தில் நடத்திய நுண்ணறிவுச் சோதனையால் அவர்கள் அறிவுத்திறன் குறைந்தோர் வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தனர். ஸ்பானிய மொழியிலும் மீண்டும் சோதித்தபோது பெரும்பாலோர் அவ்வகுப்புக்கு உரியோர் அல்லர் என்பது தெரிந்தது. வீட்டு மொழியில் சோதிக்க வேண்டும் என்னும் உடன்பாட்டோடு வழக்கு முடிந்தது. 1975ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்திலும் இக்கொள்கை இடம்பெற்றது.

இரண்டாம் தவறு, குறைபாடு உள்ள குழந்தையை மொழியறியாமை என்று கூறிக் காத்திருக்க வைப்பது. இது ஓசையின்றி நிகழ்வதால் கவனத்திற்கு வருவதில்லை. கனடாவில் குடியேறியோரின் குழந்தைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், இரண்டாம் மொழியில் உரையாடும் திறன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்தாலும், பாடம் கற்கத் தேவையான மொழித்திறன் ஒத்த வயதினரின் நிலையை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன என்றார். ‘முதலில் தமிழ் வரட்டும், பிறகு சோதிப்போம்’ என்று காத்திருந்தால் தொடக்கப் பள்ளிக் காலமே முடிந்துவிடும். வாசிப்புப் பயிற்சி மிகுந்த பயன் தரும் ஆண்டுகளும் அதனோடு கழிந்துவிடும். இருமொழிச் சூழல் வாசிப்புக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை, அதிலிருந்து காப்பதும் இல்லை. உருது பேசும் குழந்தைகளுள்ளும் வாசிப்புக் குறைபாடு உடையோர் இருப்பர் என்பதை ஆசிரியர் மனத்திற்கொள்ள வேண்டும்.

இப்பகுதிக்கே உரிய மூன்றாம் விளக்கம் ஒன்றும் எழ இடமுண்டு. தோல் கழிவுநீரால் பாலாற்றுப் படுகையில் நேர்ந்த மாசு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் நாடறிந்தது. அதனைக் கொண்டு குழந்தைகளின் கற்றல் இடர்களையெல்லாம் கழிவுநீரோடு இணைத்துப் பேசுவது எளிது. சுற்றுச்சூழல் நலம் தனியே போராடிப் பெறத்தக்க உரிமை. ஆயினும் ஒரு குழந்தையின் வாசிப்பு இடரை அதன்மீது ஏற்றிவிட்டால், வகுப்பறையில் இன்று செய்யத்தக்க உதவி மறக்கப்படும்.

5. சோதனைக் கருவிகளின் மொழி

2018 வழிகாட்டுதல்கள் குறிப்பிடும் சோதனைத் தொகுதி, பெங்களூரு தேசிய மனநல மற்றும் நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்சில் உருவானது. ஆங்கில வழியில் பயிலும் நகர்ப்புறக் குழந்தைக்கு அது பொருந்தும் அளவுக்குப் பேரணாம்பட்டு உருதுக் குழந்தைக்குப் பொருந்தும் எனக் கொள்ள இயலாது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையம் 2015இல் ‘டாலி’ என்னும் கருவியை வெளியிட்டது. இந்திய மொழிகளுக்கெனவே அமைந்த அக்கருவி, முதற்கட்டமாக இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் வந்தது. இரு மொழிகளில் எழுத்தறிவு பெறும் குழந்தையை இரண்டிலும் சோதிக்க வேண்டும் என்பதை அக்கருவி முன்னிறுத்தியது.

இதன் தேவையை உணர்த்தும் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. 1999இல் வைடெல், பட்டர்வொர்த் ஆகியோர் ஆங்கிலமும் சப்பானியமும் அறிந்த இளைஞர் ஒருவரை ஆராய்ந்தனர். அவருக்கு ஆங்கில வாசிப்பில் கடுமையான குறைபாடு இருந்தது. சப்பானிய வாசிப்பில் அவ்வாறு இல்லை. ஒரு மொழியில் நடத்திய சோதனை மற்றொரு மொழியின் நிலையைச் சொல்லிவிடாது என்பதே இதன் பொருள்.

நுண்ணறிவுச் சோதனையிலும் இச்சிக்கல் உண்டு. அச்சோதனையின் சொல்சார் பகுதி குழந்தை நன்கறியாத மொழியில் நடத்தப்பட்டால் மதிப்பெண் குறையும். ஈவு 85ஐத் தாண்டாவிடில் கற்றல் குறைபாட்டுச் சோதனைக்கே குழந்தை செல்லாது. அவ்வாறு நேரின், உதவி தேவைப்படும் குழந்தை தன் வீட்டு மொழியின் காரணத்தாலேயே உதவியின் வாயிலில் நிறுத்தப்படுகிறது. சொல்சாராச் சோதனைகளையும் உருது அறிந்த உதவியாளரையும் பயன்படுத்துவது இதனைத் தவிர்க்கும் வழி.

6. பிரித்தறியும் வழிமுறை

முழுமையான உருது, தமிழ் இருமொழிக் கருவி கைக்கு வரும்வரை ஆசிரியர் எதுவும் செய்ய இயலாது என்பதில்லை. கீழ்வரும் ஐந்து படிகள் வகுப்பறையிலேயே செய்யத்தக்கவை. இவை நோயறிதல் அல்ல. எந்தக் குழந்தையை விரைந்து மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதை முடிவு செய்யும் வழிமுறையே.

முதற்படி, மொழி வரலாறு. குழந்தை எந்த மொழியில் முதலில் பேசியது, எந்த வயதில் தமிழைக் கேட்கத் தொடங்கியது, எந்த எழுத்துமுறையை எத்தனை மாதம் கற்றது, குடும்பத்தில் வேறு எவர்க்கும் வாசிப்பதில் இடர் இருந்ததா என்பவற்றைப் பெற்றோரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். வீட்டு மொழியிலும் பேச்சு தாமதமாக வந்திருந்தால் அது கவனத்திற்குரியது.

இரண்டாம்படி, பிழைகளை வகைப்படுத்துதல். உருதில் எகர ஏகாரங்களுக்கிடையிலும் ஒகர ஓகாரங்களுக்கிடையிலும் பொருள் மாற்றும் குறில் நெடில் வேறுபாடு இல்லை. எனவே உருதுக் குழந்தை ‘எடு’, ‘ஏடு’ ஆகியவற்றை மயங்குவது எதிர்பார்க்கத்தக்கது. ழகரத்தை லகரமாக எழுதுவதும், ளகர லகரங்களை மயங்குவதும் அவ்வாறே. தெலுங்கில் எகர ஏகார வேறுபாடும் லகர ளகர வேறுபாடும் உள்ளன. ஆதலின் தெலுங்குக் குழந்தையிடம் இப்பிழைகள் மிகுந்தால் வேறு காரணம் தேட வேண்டும். ரகர றகர மயக்கம் தமிழ்க் குழந்தையிடமும் உண்டு, பேச்சு வழக்கில் அவ்வேறுபாடு பல இடங்களில் மறைந்துவிட்டது. அதனை மட்டும் கொண்டு எவருக்கும் குறைபாடு கூறலாகாது. இவற்றுக்கு மாறாக, ‘கதவு’ என்பதைத் ‘தகவு’ என எழுத்து முன்பின்னாக வாசித்தல், சொல்லின் நடுவெழுத்தை விடுதல், நேற்றுக் கற்ற எழுத்தை இன்று முற்றும் மறத்தல், இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் ஒவ்வோர் எழுத்தாகவே கூட்டி வாசித்தல் ஆகியவை வீட்டு மொழியால் விளக்க முடியாதவை.

மூன்றாம்படி, செவியையும் கண்ணையும் தனித்தனியே சோதித்தல். ஒரே பிழைக்கு இரு காரணங்கள் இருக்கலாம். ‘கொடு’ என்பதைக் ‘கோடு’ என வாசிக்கும் குழந்தையிடம் இரு சொற்களையும் வாயால் சொல்லி, இரண்டும் ஒன்றா வேறா எனக் கேட்க வேண்டும். வேறுபாடு செவிக்கே புலப்படவில்லையெனில் அது மொழிப் பழக்கம் சார்ந்தது. செவியால் அறிந்தும் குறிகளை இனங்காண இயலவில்லையெனில் அது எழுத்தறிதல் சார்ந்தது. இச்சிறு சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை.

நான்காம்படி, பிற மொழிகளில் ஒப்பிடுதல். ஒலிகளைக் கூறுபடுத்தும் திறனை உருதிலேயே சோதிக்கலாம். குழந்தை நன்கறிந்த உருதுச் சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்லச் செய்வது, பழகிய பொருள்களின் படங்களை வரிசையாக விரைந்து பெயர்சொல்லச் செய்வது ஆகியவை வாசிப்புத் தேர்ச்சியைச் சாராதவை. இவற்றில் ஒத்த வயதினரோடு குழந்தை இணைந்து நின்றால், தமிழில் காணும் இடர் பெரும்பாலும் மொழிப் பழக்கத்தின் விளைவே. இங்கு மக்தபில் கற்பிக்கும் ஹஜ்ரத்தின் கருத்து மிகப் பயன்படும். உயிர்க்குறி இடப்பட்ட அரபுப் பாடத்தை உடன்பயில்வோர் அளவுக்குக் குழந்தை கூட்டி வாசிக்கிறதா, பிறர் கடந்துவிட்ட பாடத்திலேயே நின்றுவிட்டதா என்பதை அவரே அறிவார். மனப்பாடமாக ஒப்பிப்பதை வாசிப்பாகக் கொள்ளாதிருக்க, பழகாத எழுத்துக் கூட்டு ஒன்றைக் காட்டி வாசிக்கச் சொல்லலாம். இரு இடத்திலும் ஒரே வகை இடர் காணப்படின் வாசிப்புக் குறைபாடு என்னும் ஐயம் வலுப்பெறும்.

ஐந்தாம்படி, கற்பித்துப் பார்த்தல். தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்துகிறது. முறையான கற்பித்தலுக்குப் பின்னும் ஒரு குழந்தை அரும்பிலேயே நின்றால் அந்நிலையே ஒரு தரவு. ஒலி, எழுத்து இணைப்பை வெளிப்படையாகக் கற்பித்து, வாரந்தோறும் முன்னேற்றத்தைக் குறித்துவந்தால், மொழிப் பழக்கம் குறைந்த குழந்தை விரைந்து முன்னேறுவதையும், குறைபாடுள்ள குழந்தை மெல்லவே நகர்வதையும் காணலாம். இரு குழந்தைகளுக்கும் இக்கற்பித்தல் நன்மையே தரும். ஐயம் தீரும்வரை உதவியை நிறுத்திவைக்கத் தேவையில்லை என்பதே இப்படியின் சிறப்பு.

7. பணியாளர் நிலை

இவ்வழிமுறையை நடத்துவோர் யார் என்பது அடுத்த வினா. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர் பணிபுரிகின்றனர். ஒருவரே பல பள்ளிகளுக்குச் செல்லும் அமைப்பில், கண்ணுக்குப் புலப்படும் குறைபாடுகள் முன்னுரிமை பெறுவதும் கற்றல் குறைபாடு பின்தள்ளப்படுவதும் இயல்பாகிவிடும். 2022 சூன் 10ஆம் நாள் ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிக்கை, தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறன் மாணவர்க்கு ஒருவரும், அதற்கு மேற்பட்ட நிலையில் 15 பேருக்கு ஒருவரும் எனச் சிறப்பாசிரியர் விகிதத்தை வகுத்தது. இரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கிலேயே 2025 மார்ச்சு மாதம், தேவையான பணியிடங்களை மாநிலங்கள் ஏற்படுத்த வேண்டும் என ஆணையிட்டது. இவ்விகிதத்தில் ஒரு சுழல் உள்ளது. அடையாளம் காணப்பட்ட மாணவர் எண்ணிக்கையைக் கொண்டே பணியிடம் கணக்கிடப்படும். கண்டறிவதற்கு ஆளில்லாத வட்டாரத்தில் எண்ணிக்கை குறைவாகவே பதிவாகும். எண்ணிக்கை குறைவதால் பணியிடமும் குறையும்.

ஆசிரியர்க்கு உதவும் முதற்கட்டக் கருவிகளாகத் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் வெளியிட்ட ‘பிரசஸ்த்’ செயலியும், தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் ‘நலம் நாடி’ செயலியும் உள்ளன. இவை 21 வகைக் குறைபாடுகளையும் நோக்கியவை. பன்மொழி வட்டாரங்களில் இவற்றைப் பயன்படுத்துமுன் குழந்தையின் வீட்டு மொழியையும், அம்மொழியில் அதன் நிலையையும் கேட்டுப் பதிவு செய்யும் வழக்கத்தை ஏற்படுத்தினால், பின்னர் மதிப்பிடுவோர்க்கு அது பெருந்துணையாகும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சி மருத்துவப் பிரிவு முதலியவை மாவட்டத்திலேயே உள்ளன. பள்ளி அளிக்கும் மொழி வரலாறும் பிழைப் பதிவேடும் கையிலிருந்தால் அங்கு நடைபெறும் மதிப்பீடு துல்லியமாகும், பெற்றோரின் மறுபயணமும் குறையும்.

முடிவுரை

பேரணாம்பட்டுக் குழந்தை பல எழுத்துமுறைகளைக் கற்பது அதன் குறையன்று. அவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு அதனை அளப்பதே நடைமுறையின் குறை. ஒரு மொழியில் மட்டும் காணும் இடர் பெரும்பாலும் அம்மொழிப் பழக்கத்தைக் காட்டுகிறது. கற்ற மொழிகள் அனைத்திலும் ஒரே தன்மையில் காணும் இடர் குழந்தையின் வாசிப்புச் செயல்பாட்டைக் காட்டுகிறது. ஆங்கிலம் போன்ற சிக்கலான எழுத்துமுறையில் விதிவிலக்கு இருக்கக்கூடும் என்பதால் மெதுவான வாசிப்பையும் உடன் நோக்க வேண்டும்.

இத்துறையில் தமிழ் ஆய்வாளர் செய்ய வேண்டிய பணிகள் தெளிவானவை. தமிழ், தக்கனி உருது ஆகிய இரண்டிலும் ஒலிக் கூறுபாட்டுச் சோதனைகளை அமைத்தல், உருது மற்றும் தெலுங்குக் குழந்தைகளின் தமிழ்ப் பிழைகளைத் தொகுத்து இயல்பான பிழைகளின் அட்டவணை ஒன்றை உருவாக்குதல், வகுப்புவாரியாக வாசிப்பு வேகத்தின் அளவுகோல்களை வகுத்தல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவற்றுள் முதலிரண்டும் மொழியியல் துறையும் கல்வியியல் துறையும் இணைந்தாலன்றி நிறைவேறா. அவை நிறைவேறும்வரை, மூன்றாம் வகுப்பில் ஒரு வரியோடு போராடும் குழந்தைக்காக ஆசிரியர் செய்யத்தக்கது உள்ளது. மக்தப் ஆசிரியரிடம் ஒரு வினாவும், பெற்றோரிடம் சில வினாக்களும், குழந்தையிடம் ‘கொடு’, ‘கோடு’ என்னும் இரு சொற்களும் கேட்டுப் பார்த்த பின்னரே அவர் எந்த முடிவுக்கும் வர வேண்டும்.